கழித்தல் கணக்கு

கிரிம்ஸ்பி மீன்சந்தைக்குப் பின்னால்
'மூன்று கடல்நாய்கள்' மதுக்கூடத்தில்
வியாழன் இரவுகளில்
ஐந்நூற்றொன்றிலிருந்து கழித்துக்கொண்டே வருபவன் நான்.
டார்ட்ஸ் எறியத் தெரியாதவன் கையில்
சாக்பீஸைக் கொடுத்துவிடுவார்கள்.

வின்னி பிராக்கிள்ஸ்பி எறிவாள்.
பகலில் அதே கை
ஹாடாக் மீனின் நடுமுள்ளை ஒட்டிக் கத்தியை ஓட்டும்;
முள்ளில் ஒரு நூல் சதை மிஞ்சாது.
இரவில், முதல் பைண்ட் இறங்கும்வரை
இது என் கையே இல்லை என்பாள்.
இரண்டாவதில்தான் முழங்கைக்கு எண்ணெய் விழுகிறதாம்.
மூன்றாவதை அவள் தொட்டதில்லை.
குடிகாரர்கள் அல்ல நாங்கள்,
அளவு தெரிந்தவர்கள்.

"அப்படியானால் மீன்மேசைக்கும் ஒரு பைண்ட் கொண்டுபோயேன்"
என்றேன் ஒருமுறை.
இடக்கை மோதிர விரலைத் தூக்கிக் காட்டினாள்.
நுனி இல்லை.
பத்தொன்பது வயதில், யாருடைய பிறந்தநாளோ,
மதிய இடைவேளையில் ஒரே ஒரு கிளாஸ் ஷெர்ரி.
"கத்திக்கு வேடிக்கை தெரியாது" என்றாள்.
"பலகைக்குத் தெரியும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க
நீல நோட்டு ஒன்றில் அவளை எழுதி வைத்தேன்.
மூன்று அம்புக்குச் சராசரி:
குடிக்குமுன் ஐம்பத்தாறு.
ஒன்றுக்குப் பின் ஐம்பத்தைந்து;
வித்தியாசம் என்று சொல்ல மனம் வரவில்லை.
இரண்டுக்குப் பின் நாற்பத்தொன்பது.

ஆனால் அந்த நாற்பத்தொன்பதை அவள் எறியும் அழகு!
தோள் தளர்ந்து, புருவ முடிச்சு அவிழ்ந்து,
கம்பியில் பட்டுத் தெறித்த அம்பைப் பார்த்து
கெட்ட வார்த்தையில் கொஞ்சி.
ஐம்பத்தாறு எறிகையில் அவள் முகம்
பல் பிடுங்கக் காத்திருப்பவள் முகம்.
நன்றாக எறிவதும்
நன்றாக எறிவதாய்த் தோன்றுவதும்
ஒரே படிக்கட்டில் சேர்ந்து ஏறுகின்றன என்றிருந்தேன்.
ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

மார்ச்சில் நோட்டைக் காட்டினேன்.
சண்டைக்கு வரவில்லை. ஈரக் கட்டைவிரலால் புரட்டினாள்.
என் காதிடுக்கிலிருந்து பென்சிலை உருவினாள்.

"முந்நூற்று இருபத்தொன்றில் எண்பத்தைந்து போனால்?"
"இருநூற்று முப்பத்தாறு."
"நாற்பத்தாறு என்று எழுதியிருக்கிறாய்."

அடுத்த பக்கம். அதற்கடுத்தது.
ஒன்பதரை மணிக்கு முன் எழுதியதில் ஒன்றுகூட இல்லை;
பிறகு அங்கங்கே, கம்பளியில் பூச்சி தின்ற துளைகள்போல,
பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பத்தை
மறந்துபோன கழித்தல்கள்.

"நீ என்ன குடிக்கிறாய்?"
"அரை பைண்ட்தான். இரண்டு.
வியாழன் மட்டும்."
நோட்டில் எனக்கென்று ஒரு கட்டம் போடவில்லை நான்.

பாக்கி பத்து கூடினால் அவள் எறிந்தது பத்து குறையும்.
அந்த ஏழில் எவ்வளவு அவள் தவறவிட்டது,
எவ்வளவு நான்?
முப்பது பேர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
எதிரணித் தலைவர் ஆஸ்வின் டுக்கில்பி உட்பட,
அவர் பகலில் வங்கியில் காசாளர்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எல்லோரும் அளவு தெரிந்தவர்கள்.

அடுத்த வியாழன் இஞ்சி சோடா குடித்தேன்.
ஆட்டம் நீண்டது. நகைச்சுவைகள் எல்லாம்
போன வாரத்தவை என்று தெரிந்தது.
கழித்தல் பிசகவில்லை.
வின்னி தன் இரண்டோடு எறிந்தாள்: ஐம்பத்திரண்டு.
நான்கு அவளுடையது, மூன்று என்னுடையது.
ஓர் இரவை வைத்துச் சொல்லக் கூடாதுதான்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று:
நோட்டைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டி வந்தவள்
பிப்ரவரியோடு நிறுத்தினாள்.
ஜனவரியில்தான் கிளீதார்ப்ஸ்காரர்களை
ஒரே ஆட்ட வித்தியாசத்தில் வென்றோம்.
கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த கோப்பையைப் பார்த்தாள்,
பிறகு கையிலிருந்த கோப்பையை.
பென்சிலை
என் காதிலேயே திரும்பச் செருகினாள்.